புது பேட்டரி போட்டபின் லேப்டாப் ஆன் ஆகவில்லையா?

சார்ஜரை மாட்டி கால் மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். புது பேட்டரி போட்டு மூடியபின் பவர் பட்டனுக்கு அசைவே இல்லை என்கிறீர்கள். பல பேட்டரிகள் உறக்க நிலையில்தான் வரும். சார்ஜர் மாட்டினால்தான் விழிக்கும்.

அப்படியும் அசையாவிட்டால் என் சந்தேகம் பேட்டரியை லேப்டாப்போடு இணைக்கும் கனெக்டர் மேல். சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, கனெக்டரை எடுத்து நேராக, முழுதாக உட்கார வையுங்கள். குளச்சலில் கடலை ஒட்டி வீடு என்று சொன்னதால், லேப்டாப்பில் அந்தக் கனெக்டர் மாட்டும் இடத்து உலோக ஊசிகளில் (பின்) பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது. இருந்தால், பேட்டரி கழன்றிருக்கும்போதே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். (யாராவது தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால் கேட்காதீர்கள்.)

அப்புறம் பழையது, புதியது இரண்டின் லேபிளையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் 7.6 வோல்ட், இன்னொன்றில் 11.4 என்றால் அது பெரும்பாலும் உங்கள் மாடலுக்கான பேட்டரி இல்லை; மாடலோடு சரிபார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: பழைய பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.