பத்தாங் காலியிலிருந்து பல்கலைக்கழக அரங்குக்குப் போகலாமா? படமா, மாணவர் நாடகமா?

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் காலிக்கு அருகே தோட்டத்தில் பெற்றோருடன் வசிக்கும் நீங்கள், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் வரவிருக்கும் படத் திரையிடல்களுக்கும் மாணவர் நாடகத்துக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாமா, வெளியாரை உள்ளே விடுவார்களா, ஒரு மாலைதான் ஒழியும் என்றால் எதற்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வட்டாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம், ஒன்றுதான் முடியும் என்றால் நாடகத்துக்குப் போங்கள்.

திரையிடலைத் தவறவிட்டாலும் அந்தப் படம் வேறு எங்காவது, வேறு எப்போதாவது கண்ணில் படும். மாணவர் நாடகமோ ஓரிரு இரவுகளோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு அட்டைச் சுவர்கள் பிரிக்கப்பட்டு, நடித்தவர்கள் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான அந்த நிறுவனம் ஆசிரியர்களை உருவாக்கும் இடம், தமிழ்மொழி ஆசிரியர்களும் அங்கே பயில்கிறார்கள். ஆகவே மேடையில் தோட்டத் தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணியாக மீசை ஒட்டிக்கொண்டு மிரட்டும் பையன் சில ஆண்டுகளில் நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்தக்கூடும் என்பதையும் உங்கள் பெற்றோரிடம் சொல்லிவையுங்கள்.

அதற்காக மாணவர் நாடகம் குறையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பழகிய அழுகை, காட்சிக்குக் காட்சி நீளும் இருட்டு, கடைசியில் கட்டாயமாக வரும் அறிவுரை ஆகியவை பொறுமையைச் சோதிக்கும். ஆனால் தோட்டத்துக் கதையை எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகளில் பலர் தாத்தா பாட்டியிடமிருந்தே பொருளையும் பேச்சையும் கொண்டு வருகிறார்கள். நான் பார்த்த ஒரு நாடகத்தில் மேடையில் வைத்திருந்த ரப்பர் பால் வாளி உண்மையானது. விளிம்பில் காய்ந்த பால் கருத்துப்போய் ஒட்டியிருந்தது, அதைத் தூக்கிய மாணவி அதில் பால் நிறைந்திருப்பதுபோல ஒரு பக்கமாக உடலைச் சாய்த்து நடந்தாள். அந்த நடையை யாரோ ஒரு பாட்டி வீட்டில் நடந்து காட்டியிருக்க வேண்டும். பால் எடுக்க ரப்பர் மரம் சீவிய அனுபவம் உள்ள பெற்றோருக்கு அந்த ஒரு காட்சியே போதும், தப்பாக இருந்தால் திரும்பி வரும் வழியெல்லாம் திருத்திக்கொண்டு வருவார்கள், அதுவும் நல்லதுதான்.

இரண்டு இரவுகள் என்றால் இரண்டாம் இரவைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரவில் விளக்கும் ஒலியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் தடுமாறுவது வழக்கம். முன் வரிசைகள் அழைப்பாளர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்கு அடுத்த வரிசைகளில் நடுவாக உட்காருங்கள், ஒலிவாங்கி இல்லாமல் பேசும் பிள்ளைகளின் குரல் பின்னால் எட்டுவதில்லை.

படத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. திரையிடப் போவது நம் நாட்டுத் தமிழ்ப்படம் என்றால் நாடகத்தை விட்டுவிட்டு அதற்கே போகலாம். பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசைப்படும் தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொல்லும் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்வைக் காட்டிய சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) போன்றவற்றைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை. ‘ஜகாட்’ 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது என்றாலும், நம் ஊர்ப் பெரியவர்களில் அதன் பெயரையே கேள்விப்படாதவர்கள் ஏராளம். இயக்குநர் வந்து பேசுகிறார் என்று அறிவிப்பில் இருந்தால் தயங்கவே வேண்டாம். தமிழகத்துப் படம் என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிறமொழிப் படமாக இருந்தால் வசன வரிகள் எந்த மொழியில் ஓடும் என்று முதலில் விசாரியுங்கள். மலாய் நன்றாகப் பேசும் பெரியவர்களும் ஓடும் எழுத்தை அதே வேகத்தில் படிக்கச் சிரமப்படுவார்கள்.

வெளியார் நுழைவைப் பொறுத்தவரை, அறிவிப்பில் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஏற்பாட்டுக் குழு மாணவர்களுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வாசலில் பாதுகாவலர் கேட்டால் காட்டுவதற்கு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர் செருப்பும் வேண்டாம், அரங்குகளில் உடை விதி உண்டு. குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும் என்பதால் அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் நிகழ்ச்சிகளுக்கு நிர்வாக ஒப்புதல் தேவை, பொதுத் திரையிடலுக்கு 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் பொருந்தும். இதனால் நாளும் நேரமும் கடைசி வாரத்தில்கூட மாறுவதுண்டு, புறப்படும் அன்று காலையில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்குக் கொமுட்டர் என்னும் புறநகர் ரயில் வசதிதான்; பத்தாங் காலிக்குப் பிறகு ராசா, கோலகுபு பாரு, அடுத்தது தஞ்சோங் மாலிம். ஆனால் இரவு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகே தொடங்குவதாலும், அந்தப் பகுதியில் ரயில் அடிக்கடி வராததாலும், திரும்புவதற்கு அதை நம்பாதீர்கள். பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு காரில் போய் வருவதே மேல்.