சந்துக்கு என்ன ‘வெக்கேஷன்’?

சியாட்டில் வட்டார வாசகர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்துகள் பற்றிக் கேட்டவற்றில் நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் பின்சந்து விளக்குக் கம்பத்தில் ‘ஆலி வெக்கேஷன்’ என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நகர மன்றம் இடத்தை விற்கப்போகிறதா? யார் வேண்டுமானாலும் வாங்கலாமா?
– வாசகி, பாலர்ட்

விடுமுறையும் இல்லை, விற்பனையும் இல்லை. ஊருக்கு அந்த வழியில் இருக்கும் உரிமையைக் கைவிடுவதற்குத்தான் இந்தப் பெயர். வாஷிங்டன் மாநிலத்தில், மனை பிரித்தபோது விடப்பட்ட சந்தின் அடிநிலம் பொதுவாக இரு பக்க மனைக்காரர்களையே சேர்ந்தது. நகரத்துக்கு இருப்பது அதன்மேல் போகவர, குழாய் பதிக்க, கம்பம் நட உள்ள உரிமை. அது போனால் நடுக்கோட்டில் பிரித்து ஆளுக்குப் பாதி. வெளியாள் யாரும் வாங்க முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சந்து மனைப்பிரிவின் ஓரத்தில் இருந்து, முழு அகலத்தையும் ஒரு பக்கத்து நிலத்திலிருந்தே விட்டிருந்தால், முழுவதும் அந்தப் பக்கத்துக்கே திரும்பும். எதிர்வீட்டாரோடு பாதிப் பாதி என்று பேசி முடிக்கும் முன் பழைய ‘பிளாட்’ (மனைப்பிரிவு) வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

அறிவிப்பில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, விசாரணைத் தேதி. மன்றம் தீர்மானம் போட்ட நாளிலிருந்து 20 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மிகாமலும் அது இருக்க வேண்டும். மற்றது, தொடங்கியது யார் என்பது. மனு இல்லாமல் மன்றமே தொடங்கியிருந்தால், ஒட்டியுள்ள சொத்துக்காரர்களில் 50 சதவீதம் பேர் விசாரணைக்கு முன் எழுத்தில் மறுத்தாலே மன்றம் மேற்கொண்டு போக முடியாது. மனுவின் பேரில் வந்தது என்றால் இந்தத் தடை பொருந்தாது. பலர் இது தெரியாமல் கையெழுத்து இயக்கம் நடத்தி ஏமாறுகிறார்கள்.

கேள்வி: சந்தின் இரு பக்கமும் சேர்த்து 12 வீடுகள், எல்லாம் ஒரே அளவு மனை. இரவில் யாரோ பழைய மெத்தைகளைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். சந்து வேண்டாம் என்று மனுப் போட 8 வீட்டார் தயார். போதுமா? செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகர், மேப்பிள் லீஃப்

ஒன்று குறைகிறது. சட்டம் கேட்பது மூன்றில் இரண்டு பங்குக்கு ‘மேல்’. பன்னிரண்டில் எட்டு என்பது சரியாக மூன்றில் இரண்டு, எனவே ஒன்பதாவது வீடு வேண்டும். கணக்கும் தலைக்கணக்கு இல்லை, சொத்துக் கணக்கு. மனைகள் சம அளவாக இல்லாவிட்டால் பெரிய மனைக்காரர் ஒருவர் இரண்டு பேருக்குச் சமம் ஆகிவிடுவார். வாடகைக்கு இருப்பவர் கையெழுத்து செல்லாது. பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் போடட்டும், பின்னால் வம்பு வராது.

இனி பணம். நகரம் மதிப்பீட்டு விலையில் பாதி வரை கேட்கலாம் என்பதைப் படித்துவிட்டுப் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த வழி 25 ஆண்டோ அதற்கு மேலோ பொதுவழியாக இருந்திருந்தால் முழு விலையும் கேட்கலாம். உங்கள் பகுதிச் சந்துகளுக்கு வயது அதைவிட எவ்வளவோ அதிகம். சந்து 16 அடி அகலம், உங்கள் மனை 50 அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 8 அடிக்கு 50 அடி, அதாவது 400 சதுர அடி. சதுர அடி 80 டாலர் என்று மதிப்பிட்டால் 32,000 டாலர். மனுக் கட்டணம், மதிப்பீட்டாளர், சர்வேயர் செலவெல்லாம் தனி.

இவ்வளவு கொடுத்து வாங்கும் எட்டடியில் என்ன செய்யலாம்? அடியில் சாக்கடைக் குழாயும் மேலே சிட்டி லைட் (நகர மின்சார நிறுவனம்) கம்பிகளும் இருந்தால், நகரம் அவற்றுக்கான உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் மற்றதை விடும். அதன்மேல் கட்டடம் எழுப்ப முடியாது. கத்தரிச் செடி வைக்கலாம், குழாய் உடைந்தால் அதையும் தோண்டிப் போட்டுவிடுவார்கள். சொத்து வரி மட்டும் கூடும். சந்துப் பக்கம் கராஜ் வைத்திருப்பவர் முன்தெருவில் நடைபாதையை வெட்டிப் புது வழி எடுக்க வேண்டும், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கராஜுக்கு வேறு வழியே இல்லாத ஒரு வீடு எதிர்த்து நின்றால், மன்றம் பெரும்பாலும் அந்த வீட்டின் பக்கம்தான் சாயும்.

மெத்தைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘ஃபைண்ட் இட், ஃபிக்ஸ் இட்’ செயலியில் படத்தோடு புகார் போடுங்கள். கராஜ்களுக்கு மேல் அசைவு கண்டால் எரியும் விளக்கு மாட்டுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டார் 20 ஆண்டாகச் சந்தில் மூன்றடி தள்ளி வேலி போட்டிருக்கிறார். ‘பத்து வருடம் அனுபவித்தால் சொந்தம்’ என்கிறார். உண்மையா?
– வாசகர், டகோமா

தனியார் நிலத்துக்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கு உண்டு. நகரத்துக்கு எதிராக ஓடாது. கேட்டால் வேலியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ஒரு நிறுவனம் பிளாக் முழுவதையும் வாங்கிவிட்டு நடுவில் ஓடும் சந்தும் வேண்டும் என்கிறது. விசாரணையில் இரண்டு நிமிடம் கிடைக்கும். என்ன பேசினால் எடுபடும்?
– வாசகி, சவுத் லேக் யூனியன்

‘கார்ப்பரேட் பேராசை’ என்று தொடங்கினால் இரண்டு நிமிடமும் வீண். சந்து போனால் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். இரண்டு துண்டாகக் கிடந்த நிலம் ஒன்றாகிறது, அடித்தளக் கார் நிறுத்தம் ஒரே வீச்சில் ஓடுகிறது. ஆனால் சந்தில் நின்ற குப்பை லாரியும் சரக்கு லாரியும் எங்கே போகும்? தெருவுக்குத்தான். நடைபாதையைக் கடந்து பின்னோக்கி வரும் லாரிதான் ஆபத்து. ‘லாரி முன்பக்கமாகவே நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறும்படி சரக்கு இறக்கும் இடம் கட்டடத்துக்குள் இருக்கிறதா? வரைபடத்தில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

அடுத்தது, ஊருக்குப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது. கட்டட விதிப்படி எப்படியும் செய்தே தீர வேண்டிய நடைபாதையையும் மரங்களையும் ‘பொது நன்மை’ப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். சியாட்டில் கொள்கைப்படி விதி கேட்பதற்கு மேல் தருவதே கணக்கில் வரும். அமேசான் 2012-ல் டென்னி முக்கோணப் பகுதியில் சந்துகளைக் கேட்டபோது ஒரு ஸ்ட்ரீட்கார் வண்டியும் ஏழாம் அவென்யூவில் சைக்கிள் பாதையும் தர ஒப்புக்கொண்டது. இதை அளவுகோலாகக் காட்டலாம்.

மன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. கூடைப்பந்து அரங்கத்துக்காக ஆக்சிடென்டல் அவென்யூவின் ஒரு பகுதியைக் கேட்டபோது, 2016 மே 2 அன்று 5-க்கு 4 என்று மறுத்துவிட்டது. துறைமுகச் சரக்குப் போக்குவரத்து கெடும் என்பது அங்கே பெரிய வாதம்.

முதலில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய ஒப்புதல்தான். கட்டி முடித்து, பணம் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே இறுதிச் சட்டம் வரும். இடையில் சில ஆண்டுகள் ஓடிவிடும், உறுப்பினர்களும் மாறியிருப்பார்கள். மனுவின் ‘கிளர்க் ஃபைல்’ (நகர எழுத்தர் அலுவலகக் கோப்பு) எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனைப் பட்டியல் அதற்குள்தான் இருக்கும்.