புளிக்கவைக்கும் பெட்டி: இம்முறை வந்த கேள்விகள்

மண்டபம் வாசகர்: கொம்புச்சா (புளித்த தேநீர்) புளிக்கவைக்க ஒரு பெட்டி வேண்டும். கையில் 1,000 ரூபாய்தான் இருக்கிறது. முடியுமா?

தாராளமாக. மிச்சமே பிடிக்கலாம். மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டியில் சுவர் கனமானதாக ஒன்று தேடுங்கள். ஏப்ரல் 15-க்கு மேல் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது கேட்டால் பழைய பெட்டி மலிவாகவே படியும். சலவை சோடா கரைத்துக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஈரம் நின்றால் பூஞ்சை வரும். ஓட்டை அடைக்க வெள்ளைப் பசை போதும். ரப்பர் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும்.

வெளியே 34 டிகிரி, உள்ளே 26 வேண்டும் என்றால் நாளைக்கு இரண்டு கிலோ ஐஸ் கரையும். லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாற்றுங்கள். சூட்டைப் பார்த்துக் கரண்டைப் போட்டு நிறுத்துகிற கண்ட்ரோலர் வேண்டாம், ஒயர் நீண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் சரி. அதன் சென்சார் காற்றில் தொங்கக் கூடாது. ஜாடியின் வயிற்றில் டேப் போட்டு ஒட்டி, மேலே ஸ்பான்ஜ் துண்டு வைத்துக் கட்டுங்கள். நமக்கு வேண்டியது ஜாடிக்குள் இருக்கிற சூடு, பெட்டிக் காற்றின் சூடு அல்ல.

ஊர் குறிப்பிடாத வாசகர்: நீங்கள் சொன்னபடி பெட்டி செய்தேன். சரியாக வரவில்லை. என்ன காரணம்?

எந்தப் பெட்டி? உள்ளே என்ன புளிக்கிறது? எத்தனை டிகிரி காட்டியது? 'சரியாக வரவில்லை' என்றால் புளித்துப் போனதா, புளிக்கவே இல்லையா, பூஞ்சை பூத்ததா? இதெல்லாம் எழுதாமல் அனுப்பினால் நான் என்ன குறியா பார்க்க முடியும்? சென்சாரை எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

தொண்டி வாசகர்: பெல்டியர் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்கிற தகடு) வைத்து மினி ஃபிரிட்ஜ் செய்யும் வீடியோ பார்த்தேன். 1,500 ரூபாயில் முடியுமாம். செய்யலாமா?

வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கேள்வி நின்றபாடில்லை, அதனால் இந்தத் தடவை கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் வாங்குகிற 12706 பெல்டியர் தகடு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும்: 60 வாட். பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்தால் 70. தகட்டின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். உள்ளேயிருந்து எடுத்த சூடு, தகடு தின்ற கரண்டின் சூடு இரண்டையும் பின்னால் இருக்கிற அலுமினியக் கட்டைதான் வெளியே தள்ள வேண்டும். ஏசி அறையில் காலிப் பெட்டியை வைத்து, தகட்டில் பனி படிவதைக் காட்டி வீடியோ எடுக்கிறார்கள். தகட்டில் பனி படிவது வேறு, பத்து லிட்டர் கரைசல் குளிர்வது வேறு. மே மாதம் தொண்டியில் வெளியே 36, 37 இருக்கும்போது அந்தக் கட்டை 50-க்குப் போகும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 35 டிகிரி ஆனால் தகடு இறைக்கிற சூடு 20 வாட் தேறினாலே அதிகம். பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வருகிற சூடே கிட்டத்தட்ட அவ்வளவு. ஆக, அது நிற்காமல் ஓடும்.

நிற்காமல் ஓடினால் நாளைக்கு 1.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100. அரசு வீட்டுக்குத் தருகிற இலவச யூனிட்டில் அந்த 100-ஐ இந்த ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை 20 டிகிரியில் ஓட்டினால் நாளைக்கு அரை யூனிட்டில் அடங்கும். அது மட்டுமா? கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் தன் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெல்டியரில் சூடான கட்டையின் வெப்பம் அதே தகடு வழியாக உள்ளே இறங்கும். உப்புக் காற்றில் அந்தச் சின்ன ஃபேன் எத்தனை நாள் சுற்றும் என்று நீங்களே யோசியுங்கள். தகடு, கட்டை, இரண்டு ஃபேன், பேஸ்ட், பவர் சப்ளை எல்லாம் வாங்குகிற காசோடு இன்னும் ஆயிரம் சேர்த்தால் ஓடுகிற பழைய ஃபிரிட்ஜ் வந்துவிடும். காசே இல்லையென்றால் மண்டபத்துக்காரருக்குச் சொன்ன ஐஸ் பாட்டில். நடுவில் பெல்டியருக்கு இடமில்லை.

கீழக்கரை வாசகர்: பழைய ஃபிரிட்ஜ் கிடைத்திருக்கிறது. சென்சார் ஒயருக்குப் பக்கச் சுவரில் துளை போடலாமா?

ட்ரில்லைக் கீழே வையுங்கள். பல ஃபிரிட்ஜ்களில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள்ளேதான் ஓடுகிறது. குத்தினால் கேஸ் போச்சு. புது மாடல்களில் இருக்கிற ஆர்600ஏ தீப்பிடிக்கிற கேஸ் வேறு. மெல்லிய ஒயர் கதவு ரப்பருக்கு அடியிலேயே நுழையும். ஃபிரிட்ஜ் குமிழை முழுக் குளிரில் வைத்து, பிளக்கை எஸ்டிசி-1000 கண்ட்ரோலர் வழியாகக் கொடுங்கள். கண்ட்ரோலர் ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கட்டும். எர்த் கம்பியை வெட்டிவிட்டு இணைக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் இதற்கு ஒத்துவராது.

பாம்பனைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர்: இங்கே வீட்டில் பீர் செய்ய அனுமதி உண்டு. ஃபிரிட்ஜும் எஸ்டிசியும் வாங்கிவிட்டேன். எப்படி செட் செய்வது?

அங்குள்ள அளவு வரம்புக்குள் செய்யுங்கள். ஏல் வகை பீர் ஈஸ்ட் என்றால் 19 டிகிரி, வித்தியாசம் 1 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடத்துக்கு மேல். தாமதம் வைக்காவிட்டால் கம்ப்ரசர் அணைந்த வேகத்தில் மறுபடி கிளம்பப் பார்த்துக் கருகும். முதல் மூன்று நாள்தான் முக்கியம்: ஈஸ்ட் மும்முரமாக இருக்கும்போது தொட்டிக்குள் காற்றைவிட 3, 4 டிகிரி கூடும். சென்சாரைத் தொட்டியோடு ஒட்டுங்கள். லாகர் வகை பீருக்கு 10 முதல் 12. அதற்கு முன் இரண்டு ஏலாவது ஒழுங்காக வரட்டும்.

சாயல்குடி வாசகர்: இதே பெட்டியில் பதநீரைப் புளிக்கவைக்கலாமா?

சுண்ணாம்பு போடாமல் புளித்தால் அதற்குப் பெயர் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. பீரும் அப்படித்தான், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டுக்கும் பொருந்தும். அடுத்த கேள்வி.

ஏர்வாடி வாசகி: ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டால் குளிராதா?

கச்சான் (மேல்காற்று) வறண்டு அடிக்கிற நாளில் சில டிகிரி குறையும். மற்ற நாளில் காற்றே நனைந்து கிடக்கிறது. சாக்கு காய்ந்தால்தானே குளிரும்!

உச்சிப்புளி வாசகி: இஞ்சி சோடா பாட்டில் பெட்டிக்குள்ளேயே வெடித்துவிட்டது. பெட்டியில் கோளாறா அண்ணே?

பெட்டிமேல் தப்பில்லையம்மா. ஜாம் பாட்டிலில் அடைத்திருப்பீர்கள். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள். தினம் அமுக்கிப் பாருங்கள், கல்லாக இறுகினால் உடனே ஃபிரிட்ஜ். நம் வெயிலுக்கு ஒரே நாளில்கூட இறுகிவிடலாம். கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

ராமேஸ்வரம் வாசகி: மார்கழியில் இட்லி மாவு பொங்குவதில்லை. பல்பு வைக்கட்டுமா?

பல்பு எதற்கு? அதே தெர்மாகோல் பெட்டிக்குள் மாவுப் பானை, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர். மூடிவிட்டுத் தூங்குங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: கண்ட்ரோலர் ஒயர் முனைகள் பச்சை பூத்துவிட்டன. சில சமயம் ஃபிரிட்ஜ் ஓடுவதே இல்லை. கண்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

கண்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கும், கடல் காற்றின் வேலை இது. பூத்த முனையை வெட்டி, புதிதாகச் சீவி, லக் (ஒயர் முனைக்கு மாட்டுகிற உலோகத் துண்டு) வைத்து அழுத்துங்கள். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின். கண்ட்ரோலரை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஒயர் நுழைகிற ஓட்டையைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஸ்க்ரூவை இறுக்குங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.