ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை: மகனுக்கும் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருமுறை விந்துப் பரிசோதனை செய்தும் உயிரணுக்களே இல்லை என்றுதான் முடிவு வந்தது. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான 'ஏஇசட்எஃப்சி' பகுதி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். என் அப்பாவுக்கு நாங்கள் மூன்று பிள்ளைகள். அப்படியிருக்க, எனக்கு மட்டும் இது எப்படி வந்தது? மருந்தால் சரியாகுமா? விந்தணுவை ஊசி வழியே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் மகன் பிறந்தால் அவனுக்கும் இந்தக் குறை இருக்குமா?

பதில்: உங்கள் கேள்விகளுக்கு இன்று பெருமளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது என்றால், அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் ஒயிட்ஹெட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பேஜுக்கு உரியது. மருத்துவம் படித்த அவர், தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை ஒய் குரோமோசோமுக்கே கொடுத்தவர். ஒரு மரபணுவைக் காட்டி, கருவை ஆணாக்குவது இதுதான் என்று அவருடைய குழு 1987-இல் அறிவித்தது தவறாகி, 1990-இல் லண்டன் ஆய்வாளர்கள் சரியான மரபணுவைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகும் அவர் ஒய் குரோமோசோமை விட்டு விலகவில்லை என்பது உங்களைப் போன்றவர்களுக்கு நன்மையாகவே முடிந்தது.

விந்தணு இல்லாத ஆறு ஆண்களிடம் ஒய் குரோமோசோமின் 'நீண்ட கை' எனப்படும் நீளமான பக்கத்தில் ஒரு பகுதி இல்லாததை இத்தாலிய ஆய்வாளர்கள் 1976-இலேயே நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள். நுண்ணோக்கிக்கு எட்டாத சிறிய இழப்புகளைத் தேடிய பேஜின் குழு, 1995-இல், விந்தணு இல்லாத 89 ஆண்களில் 12 பேரிடம் அத்தகைய இழப்பைக் கண்டது. இன்று ஏஇசட்எஃப்சி எனப்படும் அந்தப் பகுதியில் இருந்த மரபணுவுக்கு 'டாஸ்' என்று பெயரிட்டது. ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்விலும், விந்தணு இல்லாத 340 இந்திய ஆண்களில் 29 பேரிடம் ஒய் குரோமோசோம் இழப்பு இருந்தது. ஆகவே இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று.

எப்படி வந்தது என்பதற்கான விடை 2003-இல் பேஜின் குழுவும் செயின்ட் லூயி நகர ஆய்வாளர்களும் சேர்ந்து ஒய் குரோமோசோமின் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்தபோது தெளிவானது. மற்றக் குரோமோசோம்கள் ஜோடியாக இருப்பதால், ஒன்றில் பழுது ஏற்பட்டால் மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். பெரும்பாலான நீளத்துக்கு ஜோடியே இல்லாத ஒய், 'விகடகவி' என்ற சொல்லைப் போல இருபுறமும் ஒன்றாகவே அமைந்த எட்டுப் பெரும் பகுதிகளைத் தன்னுள் வைத்துக்கொண்டு, ஒரு பாதியைக் கொண்டு மறுபாதியைத் திருத்திக்கொள்கிறது. அந்தப் பாதிகள் ஏறத்தாழ 99.97 விழுக்காடு ஒத்திருக்கின்றன. ஆனால் காப்பாற்றும் இந்த ஒற்றுமையே ஆபத்தாகவும் மாறுகிறது. ஏஇசட்எஃப்சி பகுதியில் ஒரே திசையில் அமைந்த இரண்டு ஒத்த துண்டுகள் தவறாக இணைந்துவிட்டால், இடையிலுள்ள சுமார் 35 லட்சம் எழுத்துகள், டாஸ் மரபணுக்கள் உட்பட, ஒரேயடியாக நீங்கிவிடும். பெரும்பாலும் இது தந்தையின் விரையில் விந்தணு உருவாகும் வேளையில் புதிதாக நேர்வது. உங்கள் அப்பாவின் உடலில் குறையில்லாமல் இருந்து, உங்களை உருவாக்கிய ஒரு விந்தணுவில் மட்டும் அது நேர்ந்திருக்கக்கூடும். உங்கள் பழக்கவழக்கமோ, இளமையில் செய்த எதுவுமோ இதற்குக் காரணமன்று.

இழந்த மரபணுவை மாத்திரையோ ஹார்மோன் ஊசியோ லேகியமோ திரும்பக் கொண்டுவராது. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். எனினும் உங்கள் நிலை நம்பிக்கைக்கு இடம் தருவது. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான மற்ற இரு பகுதிகளான ஏஇசட்எஃப்ஏ அல்லது பி முழுவதும் இல்லாதவர்களுக்கு விரையில் விந்தணு தேடும் அறுவை சிகிச்சையையே நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சி பகுதி மட்டும் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ, 'மைக்ரோ டீசி' எனப்படும் நுண்ணோக்கி வழி அறுவையில் விந்தணு கிடைக்கிறது. அதை இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்திக் கருத்தரிக்கச் செய்யலாம்.

மகன் பிறந்தால், உங்கள் ஒய் குரோமோசோமே அவனுக்குப் போவதால், இந்த இழப்பும் அநேகமாக உறுதியாகப் போகும். பேஜின் குழுவே 1999-இல் இதை எச்சரித்திருக்கிறது. அவனுடைய பொது ஆரோக்கியம் பொதுவாக இதனால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் அவனும் வளர்ந்தபின் இதே சிகிச்சையை நாட வேண்டியிருக்கலாம். மகளுக்கு உங்கள் ஒய் போவதில்லை. அதற்காகப் பெண் கருவைத் தேர்ந்தெடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் பாலினத் தேர்வு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. மிகக் குறுகிய விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை மரபியல் ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முன், குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒய் இழப்பு உள்ள சிலருக்கு, ஒய் குரோமோசோமே இல்லாத செல்களும் உடலில் கலந்திருக்கும். உங்கள் மனைவியின் வயதையும் கருமுட்டை இருப்பையும் கணக்கில் எடுத்த பிறகே தேதி குறியுங்கள். விந்தணு கிடைத்தால், ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்துவைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இந்த இழப்பு உள்ளவர்களில் சிலருக்கு விந்தணு உற்பத்தி காலப்போக்கில் குறைகிறது.