ஆயிரம் பேர் வேண்டாம், ஒருவர் போதும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். போன தேர்தலில் ஓட்டுக்குப் பணத்தைத் திண்ணையில் உட்கார்ந்தே எண்ணிக் கொடுத்தார்கள். வாங்காத வீட்டில் "என்னங்க, அந்தப் பக்கம் போயிட்டீங்களா?" என்று கேட்டதுதான் பெரிய கொடுமை. வெறுத்துப்போய் அடுத்த தேர்தலைப் புறக்கணிக்கலாம், வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டலாம் என்று பையன்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அப்பாரு சிரிக்கிறார். "மொடக்குறிச்சியில ஆயிரம் பேரு நின்னே ஒண்ணும் ஆவல" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

செ., பெருந்துறை

அன்புள்ள செ.,

கறுப்புக்கொடி கட்டுவது உங்கள் இஷ்டம். புறக்கணிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் வாக்குச்சாவடியில் நாலே ஓட்டு விழுந்தாலும் அந்த நாலையும் சேர்த்து எண்ணி முடிவை அறிவித்துவிடுவார்கள். இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்று சட்டம் எதுவும் கிடையாது. ரோடு கேட்டுப் புறக்கணித்த ஊருக்குத் தாசில்தார் வந்து சமாதானம் பேசுவார், சில சமயம் ரோடும் வரும். பணப் பட்டுவாடாவுக்கு எதிராகப் புறக்கணித்தால், கொடுக்கிறவருக்கு உங்கள் ஊர்ச் செலவு மிச்சம். அவ்வளவுதான்.

யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்கிற நோட்டாவும் ஏறக்குறைய அப்படித்தான். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பொத்தானை வாங்கிக் கொடுத்தது. ஆனால் அதில் எவ்வளவு விழுந்தாலும் மிச்சமிருப்பவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.

மொடக்குறிச்சி இதற்கு நேர் எதிரான காரியம். 1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவே ஒரு மாதம் தள்ளிப்போனது. யாரும் ஒரு கல் எறியவில்லை, ஒரு விதியை மீறவில்லை. விதி என்ன சொன்னதோ அதை ஆயிரம் தடவை செய்தார்கள், இயந்திரம் திணறிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

முடிவு என்ன? தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. தொகுதிக்குள் ஓட்டு இருந்தவர்கள்கூடத் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிற்பது விவசாயிகள் சங்கத்துக்காக, ஓட்டு கட்சிக்கு. நம் பக்கத்தில் இது பழைய வழக்கம். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டதும் கோயமுத்தூரையே மாட்டுவண்டியால் அடைத்தவர்கள், அவர் கட்சி ஆரம்பித்தபோது அவரவர் சின்னத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

அரசாங்கம் அந்த வருடமே சட்டத்தைத் திருத்தியது. அதே தேர்தல் சமயத்தில் அன்றைய ஆந்திராவில் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியிலும் 480 பேர் நின்றிருந்தார்கள். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 5,000 ரூபாய் ஆனது, சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றானது. இப்போது டெபாசிட் 10,000. விவசாயி என்ன கேட்டான் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வாசலை மட்டும் ஒடுக்கிவிட்டார்கள். ஆக, அப்பாரு சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். 2016இல் நம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் தாறுமாறாகப் புழங்கியது என்று தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பரில் மறுபடி நடந்தபோது அரவக்குறிச்சியில் இரண்டு பெரிய கட்சிகளும் அதே ஆட்களைத்தான் நிறுத்தின. பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம் என்பது சட்டம். ஆனால் தேர்தல் போனதே தவிர ஆள் போகவில்லை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் வாக்காளர்களை ஆடு மாதிரி பட்டியில் அடைத்து வைக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. போராடுவதென்றால், பணத்துக்காகத் தேர்தலை நிறுத்தினால் அந்த வேட்பாளர் திரும்ப நிற்கக்கூடாது என்று கேட்டுப் போராடலாம். அது ஒரு சட்டத்திருத்தத்தில் முடிகிற கோரிக்கை.

உங்கள் பையன்களுக்கு இன்னொரு யோசனை. ஆயிரம் பேர் வேண்டாம், ஒருவரை நிறுத்துங்கள். பத்து பேர் கையெழுத்தும் 10,000 ரூபாயும் போதும். பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது, போகட்டும். ஆனால் வேட்பாளர் என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் உங்கள் ஏஜென்ட் உட்காரலாம். ஊரை விட்டுப் போனவர் பெயரில் யாராவது வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். மாலையில் இத்தனை ஓட்டு பதிவானது என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரும் 17சி படிவம் உங்கள் கைக்கு வரும். எண்ணும் இடத்திலும் உங்கள் ஆள் நிற்கலாம். திண்ணைப் பட்டுவாடாவைத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமெடுத்து அனுப்புவதற்கு வேட்பாளராகக்கூட இருக்க வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காருவது கொடி கட்டுகிற அளவுக்கு ஜோராக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒன்று. முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தோற்றாயிற்றே, இனி என்ன என்று விட்டுவிடுகிற சுயேச்சைகளை ஆணையம் மூன்று வருடம் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்துவிடும். டீச்செலவுக்குக்கூடச் சீட்டு வாங்கி வையுங்கள்.