உபவாசக் கணக்கும் சம்பளக் கணக்கும்

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. சொந்தமாக மளிகைக் கடை நடத்துகிறேன். வாரம் ஒரு நாள் உபவாசம், விடியற்காலை நாலு மணி ஜெபம், எதையும் விட்டதில்லை. கோபம் மட்டும் போகவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் கடையில் நிற்கும் தம்பிக்கு வாரச் சம்பளம் கொடுக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் ஆட்கள் முன்னால் அவன் கேட்டதும் எரிந்து விழுந்தேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. இத்தனை வருடத்தில் பரிசுத்தத்தில் ஒரு படிகூட ஏறவில்லையோ, நான் இரட்சிக்கப்பட்டதே உண்மைதானா என்று பயமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் உபவாச ஜெபத்தை இன்னும் கூட்டட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை சம்பளம்.

பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். கொரிந்து சபைக்கு எழுதும் முதல் கடிதத்தில் அப்போஸ்தலன் பவுல், முதல் அதிகாரம் இரண்டாம் வசனத்திலேயே அவர்களைப் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்கிறார். அதே மூச்சில், பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்றும் சொல்கிறார். ஆகியும் ஆயிற்று, இன்னும் ஆகவும் வேண்டும். அந்தச் சபையின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறாம் அதிகாரத்தில் சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போடுகிறான். பதினோராம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடு உட்கார்ந்திருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். பவுல் அவர்களை வெளுத்து வாங்குகிறார். ஆனால் வைத்த பெயரைத் திரும்ப எடுக்கவில்லை. உங்கள் இரட்சிப்பும் ஒரு திங்கட்கிழமை காலையில் கழன்று விழுகிற பொருள் இல்லை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பரிசுத்தராயிருங்கள் என்ற கட்டளையோடு தொடங்குகிறது லேவியராகமம் 19. அடுத்து ஏதோ பெரிய ஆவிக்குரிய விஷயம் வரப்போகிறது என்று நினைத்துப் படித்தால், வருவதெல்லாம் வீடும் வயலும் கடையும்தான். அப்பா அம்மாவுக்குப் பயந்து நட. அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். கோள் சொல்லித் திரியாதே. பதின்மூன்றாம் வசனம்: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது. உங்களிடம் அது இரண்டு விடியல் தங்கிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். அதே அதிகாரம் 35, 36-ஆம் வசனங்களில் தராசும் நிறைகல்லும் படியும் வருகின்றன. உங்கள் கல்லா மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் தராசைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே உபவாசத்தைக் கூட்டட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். உபவாசத்தைக் குறை சொல்லவில்லை, நானும் இருக்கிறவன்தான். ஆனால் ஏசாயா 58-ஐ ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நாங்கள் உபவாசம் இருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். தேவன் அவர்கள் ஜெபத்தின் நீளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உபவாச நாளில் அவர்கள் போட்ட சண்டையையும், அவிழ்த்துவிட வேண்டிய நுகத்தடியையும், பசித்தவனுக்குப் பகிர்ந்துகொடுக்க வேண்டிய ஆகாரத்தையும்தான் பேசுகிறார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்து, இருபது ரூபாய்க்காக ஆட்டோக்காரரிடம் கத்தினேன். நாக்கில் திராட்சரசத்தின் இனிப்பு இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் போகும் வரை என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்குப் போதித்ததை எந்தக் கன்வென்ஷன் கூட்டமும் போதித்ததில்லை.

அன்று முழுக்க மனசு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒருவனைத் திட்டியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்திருப்பீர்களா, மாட்டீர்களா? யோசித்துப் பாருங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது தன்னை அப்போஸ்தலரில் சிறியவன் என்கிறார். எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன். பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் பிரதான பாவி. வயது ஏற ஏற அவர் கணக்கு இறங்கிக்கொண்டே போகிறது. வெளிச்சம் கூடினால் தூசி தெரியத்தான் செய்யும்.

இடையில் ஒரு சின்ன சந்தேகம். பத்து மணிக்குக் கடை அடைத்து, நாலு மணிக்கு எழுந்தால், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? சூரைச்செடியின் கீழே சாகத் துணிந்து படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தூதன் தட்டி எழுப்பிச் சொன்ன முதல் வார்த்தை, எழுந்து சாப்பிடு என்பது. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடியும் படுக்கவும் விட்டான். கொஞ்ச நாளைக்கு ஜெபத்தை ஐந்தரை மணிக்கு வைத்துப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே கழிந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சின்னச் சின்னக் குழுக்களுக்காக விதிகள் எழுதினார். வாரம் ஒரு முறை கூடி, போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சபைகளில் சாட்சி சொல்ல மைக் கிடைக்கிறது, இதைச் சொல்ல இடம் கிடைப்பதில்லை. உங்கள் வயதையொத்த, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு சகோதரரைப் பிடியுங்கள். இந்த வாரம் யாரையாவது திட்டினாயா என்று அவர் கேட்கட்டும், நீங்களும் அவரைக் கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால், ஆட்கள் முன்னால் திட்டியதை ஆட்கள் முன்னாலேயே கேளுங்கள். பின்கட்டில் கூப்பிட்டுத் தோளில் தட்டுவதெல்லாம் நமக்கு வசதி, அவனுக்கு இல்லை. சனிக்கிழமை சட்டை மாற்றப் போகும் முன்பே சம்பளக் கவரை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ஜெபக்கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை, முதல் பாட்டு எப்படியும் அப்போதுதான் முடிந்திருக்கும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று சனிக்கிழமை போயிருக்கும். அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.