விவாகரத்தில் பணம் வந்தால் தங்கையின் அமெரிக்க உதவித்தொகை நின்றுவிடுமா?

அமெரிக்காவில் இருக்கும் மாற்றுத்திறனாளித் தங்கைக்கு விவாகரத்தில் மொத்தமாக ஒரு தொகை வரப்போகிறது, அதை வேலூரில் அம்மா பெயரில் மனையாகப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். என் அக்கா மகளுக்கு இதே நிலை வந்தபோது காட்பாடியில் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொன்னார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்கு ஆகாது.

உங்கள் தங்கை வாங்குவது எந்த உதவி என்று முதலில் பாருங்கள். வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியதற்காக வரும் எஸ்.எஸ்.டி.ஐ. என்றால் சொத்து எவ்வளவு வந்தாலும் கவலையில்லை. எஸ்.எஸ்.ஐ. என்றால்தான் சிக்கல். அது வசதியற்றவர்களுக்கு மட்டும் தருவது. தனி நபருக்குச் சொத்து வரம்பு 2,000 டாலர். 1989 முதல் அதை உயர்த்தவே இல்லை என்பது பெரும் அநியாயம். மாதத்தின் முதல் தேதியில் இருப்பு அதைத் தாண்டியிருந்தால் அந்த மாதப் பணம் கிடையாது. பல மாநிலங்களில் அதோடு சேர்ந்து வரும் மெடிக்கெய்டு மருத்துவ வசதியும் ஆட்டம் காணும். குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. அவர் பெயரில் காந்தி நகரில் ஒரு மனை இருந்தால் அது வரும்.

அம்மா பெயருக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. சும்மா கொடுத்த சொத்துக்காக 36 மாதங்கள் வரை உதவியை நிறுத்துவார்கள்.

சரியான வழி, 65 வயதுக்குள் இருப்பவருக்கான ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட். அதாவது, மாற்றுத்திறனாளியின் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் அவருக்காகத் தனியே வைத்து நிர்வகிக்கும் அறக்கட்டளை. விவாகரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். அக்கா மகளின் ஒப்பந்த வரைவில் ‘மனைவியிடம் நேரடியாக’ என்று இருந்ததை வழக்கறிஞர் அடித்துவிட்டு டிரஸ்டின் பெயரை எழுதினார். மாதாமாதம் வரும் ஜீவனாம்சமும் எஸ்.எஸ்.ஐ. தொகையைக் குறைக்கும் என்பதால், அதையும் திரும்பப் பெற முடியாதபடி டிரஸ்டுக்கே செலுத்த நீதிமன்ற உத்தரவு வாங்கினார். ஒன்று தெரிந்திருக்கட்டும்: தங்கையின் காலத்துக்குப் பிறகு டிரஸ்டில் மிஞ்சுவதிலிருந்து மெடிக்கெய்டு செலவை மாநில அரசு முதலில் எடுத்துக்கொள்ளும்.

தங்கையை சி.எம்.சி.யில் காட்ட அழைத்து வருவதானால் 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். தொடர்ந்து 30 நாட்கள் வெளிநாட்டில் இருந்துவிட்டால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும், திரும்பிப் போய் அங்கே தொடர்ந்து 30 நாட்கள் இருந்த பிறகுதான் மீண்டும் வரும்.